இறங்காமல் போய் வர ஒரு படகு

சுப்புராஜ்: மச்சான், மொதல்ல கக்கூஸ் இருக்கான்னுதான் கேட்டேன். இருக்காம். பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்துல.

சங்கரபாண்டியன்: கதவு?

சுப்புராஜ்: கதவு இல்லாமயா... படகு மச்சான், பஸ் ஸ்டாண்டு இல்ல.

சங்கரபாண்டியன்: தாப்பா உள்பக்கம் இருக்கான்னு கேட்டு வையி. ஒங்கக்கா போவா.

மாரிக்கனி: நான் எங்கயும் போகல. என்னைய எதுக்கு இழுக்குறீக?

சங்கரபாண்டியன்: நீ வராம, நான் ஒத்தையில ஆத்துல போயி யாரு கூடச் சண்ட போட? மாப்ளே, அந்தப் போட்டாவ இன்னொருக்கக் காட்டு.

சுப்புராஜ்: இந்தாங்க. இது மொத போட்டு. ரெண்டு ரூமு, ஏசி, மேல ஓலக்கூரை. ஒக்காந்து வேடிக்க பாக்க நாற்காலி, மேசை...

சங்கரபாண்டியன்: தள்ளு. கல்யாண மண்டபம் கணக்கா இருக்கு.

சுப்புராஜ்: பாக்க லட்சணமா இல்லையா?

சங்கரபாண்டியன்: லட்சணம் இருந்து என்ன? வாய்க்காலுக்குள்ள நுழையணுமே. ஆத்துலருந்து அந்த வாய்க்கா பிரியிற எடத்துல ஒரு பாலம், தணிஞ்ச பாலம். கூர இடிக்கும்.

சுப்புராஜ்: பாலம் இருக்குறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

சங்கரபாண்டியன்: எப்படின்னா... ஆறு இருந்தா பாலம் இருக்கத்தான செய்யும்.

மாரிக்கனி: நம்ம குண்டாத்துலயும்தான் பாலம் இருக்கு. ஆத்தத்தான் காணோம்.

சுப்புராஜ்: அக்கா சொல்றது சரிதான். கண்மாய் வெடிச்சுக் கெடக்கு. நேத்துப் பந்தல்குடி டீக்கடையில இந்தப் போட்டாவப் பாத்துக்கிட்டிருக்கேன், ஒருத்தன் எட்டிப் பாத்துட்டு, "என்னண்ணே, திருச்சுழிக்குக் கப்பல் விடப் போறீகளா"ங்குறான்.

சங்கரபாண்டியன்: யாருக்குன்னு சொன்னயா?

சுப்புராஜ்: சொல்லுவனா? ஒரு பார்ட்டிக்குன்னு சொன்னேன்.

சங்கரபாண்டியன்: அதான் நல்லது. நம்ம வீட்டு விசயம் டீக்கடைக்குப் போகக்கூடாது. அடுத்தது எது?

சுப்புராஜ்: இது பைபர் போட்டு. பறக்கும் மச்சான். கொல்லத்துல ஏறுனா மத்தியானச் சோத்துக்கு ஆலப்புழ.

சங்கரபாண்டியன்: சோத்துக்குன்னு சொன்னயே, அடுப்பு எங்க?

சுப்புராஜ்: இதுல அடுப்பு எங்க வைக்க? கரையில நல்ல நல்ல ஓட்டலு இருக்கு. மீனு, மரவள்ளி...

சங்கரபாண்டியன்: மாப்ளே.

சுப்புராஜ்: சரி, சரி. மறந்துட்டேன்.

சங்கரபாண்டியன்: மறக்குற விசயமா அது? அந்தச் சீமையில நான் கை நனைக்க மாட்டேன். சோறும் கெடையாது, தண்ணியும் கெடையாது. அந்த வீட்டு மண்ண மிதிக்கவும் மாட்டேன். சொன்னது சொன்னதுதான்.

சுப்புராஜ்: நீங்க சத்தியம் பண்ணது ஒரு வீட்டுக்கு. இப்ப கேரளா முச்சூடும் பட்டினிங்குறீகளே.

மாரிக்கனி: அவுக கோவம் பெரிய கோவம்ப்பா. ஒரு வீட்டோட நின்னா அவுகளுக்கு மரியாதை இல்ல.

சங்கரபாண்டியன்: நக்கல் பண்ணு. பெத்தது ஒரே ஆம்பளப்புள்ள. டீசல் எஞ்சின் மெக்கானிக்கா வேலைக்குப் போறேன்னு போனான். போன எடத்துல ஒரு பிள்ளையப் பிடிச்சுப் போச்சுன்னான். சரின்னேன். வேத்துப் பாசைன்னான். அதுக்கும் சரின்னேன். சரின்னு சொன்னனா இல்லையா?

மாரிக்கனி: சொன்னீக.

சங்கரபாண்டியன்: கல்யாணப் பந்தியில உக்காந்து எலையில தண்ணி தெளிச்ச பெறகு, பக்கத்துல இருந்தவரு சொல்றாரு, "ஒங்க மகன் இனி எங்க ஊர்க்காரன்"னு. பொண்ணு ஒத்தப் பொண்ணாம். மாப்பிள்ள வீட்டோட மாப்பிள்ளையாம். எனக்கு ஒரு வார்த்த சொன்னானா? நம்ம வம்சத்துல பொண்டாட்டி வீட்டுல போயி உக்காந்தவன் எவனாச்சும் உண்டா?

மாரிக்கனி: நம்ம வம்சத்துல தண்ணி இருக்குற ஊர்ல பொண்ணெடுத்தவனும் இல்ல.

சுப்புராஜ்: அக்கா...

மாரிக்கனி: அந்த மருமக ரம்யாவோட அப்பா நெய்யும் பருப்புமா வாளியத் தூக்கிட்டு வந்து நிக்காரு. இவுக எலைய மடக்கிட்டு எந்திரிச்சாக. சபை பாக்க, "இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன், இந்த மண்ண மிதிக்க மாட்டேன்"னாக. நானும் பின்னாலயே எந்திரிச்சு வந்தேன். அந்த மனுசன் மொகத்த இன்னும் மறக்க முடியல.

சங்கரபாண்டியன்: நான் மட்டும் மறந்துட்டேன்னு நெனைக்கியா?

சுப்புராஜ்: ஆறு வருசம் ஓடிப்போச்சு. அத விடுங்க. மச்சான், மூணாவது போட்டப் பாருங்க. இதுதான் ஒங்களுக்குன்னு செஞ்சது மாதிரி இருக்கு. மரம். சின்னது. ஒரே ரூமு, ரெண்டு பேரு படுக்கலாம். முன்னால கேஸ் அடுப்பு, பாத்திரம் வைக்கப் பலகை. கூரய மடக்கி எறக்கிக்கலாமாம். அடிப்பக்கம் தட்டையா இருக்குறதால தண்ணி கொறஞ்ச எடத்துலயும் போகுமாம்.

சங்கரபாண்டியன்: எஞ்சின் எப்படி?

சுப்புராஜ்: பழசு. ஆனா படகுக்காரரே கூட வாராராம். ரிப்பேருன்னா... அதுக்கென்ன, ஒங்க மகன் காளிராஜுதான் அங்க இருக்கானே. அவன் கை வச்சா ஓடாத எஞ்சினும் ஓடும்.

சங்கரபாண்டியன்: அவன் கை வைக்கக்கூடாது.

சுப்புராஜ்: அது சரி. நடு ஆத்துல நின்னாலும் நிப்பீக.

சங்கரபாண்டியன்: நிப்பேன். நங்கூரம் இருக்கா?

சுப்புராஜ்: நங்கூரம் எதுக்கு? வீட்டு முன்னாடி ஒரு தென்னமரத்துல கயித்தக் கட்டுனா...

சங்கரபாண்டியன்: அவுக தென்னமரத்துல கயிறு கட்டுனா, அவுக வீட்டத் தொட்ட கணக்குல்ல?

சுப்புராஜ்: யாத்தே... இது எந்தப் பஞ்சாயத்துல எழுதி வச்ச சட்டம்?

மாரிக்கனி: அவுக பஞ்சாயத்து. தலைவரும் அவுகதான், மெம்பரும் அவுகதான்.

சங்கரபாண்டியன்: சிரிங்க ரெண்டு பேரும். நங்கூரம் இருக்கான்னு கேளு மாப்ளே. வெலயும் பேசி முடி. வாடகைக்கு வேண்டாம், சொந்தமாவே வாங்கிருவோம்.

சுப்புராஜ்: நான் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீக. போயிட்டு வந்த பெறகு போட்ட என்ன செய்ய? ஆட்டுக்குத் தண்ணித் தொட்டியா வைக்கவா?

சங்கரபாண்டியன்: வித்துருவோம். இல்லாட்டி அந்தப் படகுக்காரருக்கே குடுத்துருவோம். கருவேலங்காட்ட வெட்டிக் கரிமூட்டம் போட்ட காசு சும்மாதான கெடக்கு. அடுத்தவன் பலகையில உக்காந்து அந்த வாசலுக்கு நேரா போய் நிக்க மாட்டேன். என் காலு என் எடத்துலதான் இருக்கணும். அந்தப் போட்டுதான் என் எடம்.

மாரிக்கனி: தண்ணி?

சங்கரபாண்டியன்: என்ன தண்ணி?

மாரிக்கனி: குடிக்கத்தான். பத்து நாளைக்கா, பதினஞ்சு நாளைக்கா... குடிக்கத் தண்ணி?

சங்கரபாண்டியன்: நம்ம போர்த்தண்ணிய கேன்ல பிடிச்சு மாப்ள வண்டியில ஏத்திருவோம்.

மாரிக்கனி: கேட்டுக்கோ தம்பி. இங்க ஒரு கொடம் தண்ணிக்கு மோட்டாரு முக்கி மொனகுது. இத ரொப்பிக்கிட்டு, கண்ணுக்கெட்டுன தூரம் தண்ணியா இருக்குற ஊருக்குக் கொண்டு போறாக.

சுப்புராஜ்: இல்லக்கா, அங்கயும் அப்படித்தானாம். சுத்தித் தண்ணி நிக்கும், குடிக்க ஆகாதாம். குடிதண்ணியே படகுலதான் வருமாம்.

சங்கரபாண்டியன்: பாத்தயா? அப்ப நான் சொன்னது சரிதான?

மாரிக்கனி: நீங்க எப்ப தப்பாச் சொல்லிருக்கீக...

சுப்புராஜ்: எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல மச்சான். எதுக்குக் கொல்லத்துல ஏறணும்? செங்கோட்டை வழியா நேரா ஆலப்புழைக்கே என் வண்டியில கொண்டுபோய் விட்டுர்றேன். அங்க ஏறுனா அர நாளு. அவன் வீட்டு முன்னால நிப்பீக.

சங்கரபாண்டியன்: நேராப் போனா அதுக்குப் பேரு என்ன?

சுப்புராஜ்: என்ன?

சங்கரபாண்டியன்: மகனப் பாக்கப் போனான்னு பேரு. அதே கொல்லத்துல ஏறி, காயங்குளம் காயல் தாண்டி, ஆலப்புழ போயி, பம்பையில திரும்பி, ஆறன்முளக் கோயிலு வரைக்கும் போனா... அது யாத்திரை. அந்த யாத்திரையில அவன் ஊரு வழியில வருது. வழியில ஒரு ஊரு வந்தா அதுக்கு நான் என்ன செய்ய?

சுப்புராஜ்: ஒண்ணுஞ் செய்ய முடியாதுதான். ஊர நகத்தி வைக்கவா முடியும்?

சங்கரபாண்டியன்: தை பொறந்து கெளம்புவோம்.

சுப்புராஜ்: அறுப்பு?

மாரிக்கனி: என்னத்த அறுக்க? வெதச்ச குதிரவாலி மொளைக்கவே இல்ல.

சங்கரபாண்டியன்: அதான் சொல்றேன். இங்க சும்மா உக்காந்து வானத்தப் பாக்குறதுக்கு, அங்க போயி தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். ஆறு அரசாங்கத்துச் சொத்து. ஆத்துல போற போட்டப் பாத்து வராதன்னு எவனும் சொல்ல முடியாது.

மாரிக்கனி: வராதன்னு யாரு சொன்னா?

சங்கரபாண்டியன்: ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சுப்புராஜ்: சரி, அங்க போயி என்ன செய்யப் போறீக? அதச் சொல்லுங்க.

சங்கரபாண்டியன்: வீட்டுக்கு நேரா, நடுத் தண்ணியில நிப்பாட்டுவோம். படகுக்காரரு ஆரன் அடிப்பாரு. அவன் எஞ்சின் சத்தம் தெரிஞ்ச பயலாச்சே, என்னன்னு வெளிய வருவான். ஒங்கக்கா கண் குளிரப் பாத்துக்கிடட்டும். பெறகு நங்கூரத்தத் தூக்கிட்டு கெழக்க போயிருவோம்.

சுப்புராஜ்: அவ்வளவுதானா?

சங்கரபாண்டியன்: வேறென்ன?

சுப்புராஜ்: இதுக்குக் கொல்லத்துலருந்து ஒரு படகு, நங்கூரம், கேஸ் அடுப்பு, பத்து கேன் தண்ணி... மச்சான், ஒரு ஆரனுக்கு இது ரொம்ப ஜாஸ்தி.

மாரிக்கனி: நான் வாரதா இருந்தா எறங்குவேன்.

சங்கரபாண்டியன்: எறங்கக்கூடாது.

மாரிக்கனி: ஏன்?

சங்கரபாண்டியன்: எறங்கக்கூடாதுன்னா எறங்கக்கூடாது.

சுப்புராஜ்: நில்லுங்க மச்சான். சத்தியம் பண்ணது நீங்க. அக்கா என்ன பண்ணுச்சு? அது எறங்கி, மகன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டு ஏறிக்கிடட்டும். நீங்க படகுலயே வெறப்பா உக்காந்திருங்க. யாரு கேக்கப்போறா?

சங்கரபாண்டியன்: புருசன் படகுல, பொண்டாட்டி கரையில... நல்லாருக்கும். பாக்குறவன் கைகொட்டிச் சிரிப்பான்.

சுப்புராஜ்: யாரு பாக்கப் போறா? அங்க இருக்குறது நாலு வாத்து.

சங்கரபாண்டியன்: ஒனக்குத் தெரியாது, நீ பேசாம இரு.

சுப்புராஜ்: சரிய்யா. இருங்க, படகுக்காரருக்கு ஒரு போனப் போட்டுருவோம். ஆறன்முள வரைக்கும் இந்தச் சின்னதுதான் ஏறும்னு அன்னைக்கே சொன்னாரு. அலோ... அலோ... இங்க டவரு சுத்தமா இல்ல. நான் வெளிய வேப்பமரத்துக்கிட்டப் போயி பேசிட்டு வாரேன். எதுன்னு அதுக்குள்ள ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க. சண்ட போட்டுக்கிறாதீக.

மாரிக்கனி: போ, போ. வெயில்ல நிக்காம நெழல்ல நின்னு பேசு. ஒங்களுக்கு மோரு தரவா?

சங்கரபாண்டியன்: வேண்டாம்.

மாரிக்கனி: எனக்கும் வேண்டாம்ங்க.

சங்கரபாண்டியன்: என்ன, மோரா?

மாரிக்கனி: போட்டு. ஆறு. ஆறன்முள... ஒண்ணும் வேண்டாம். எனக்கு மொழங்காலும் முடியல. படகுல ஏறி எறங்க ரெண்டு பேரு பிடிக்கணும். தம்பி போன்ல அப்பப்ப அவன் மொகத்தக் காட்டுறான். அது போதும்.

சங்கரபாண்டியன்: போன்ல பாக்குறதும் பாக்குறதா?

மாரிக்கனி: பாக்காம இருக்குறதுக்கு அது பரவால்ல.

சங்கரபாண்டியன்: ஏறுறதுக்குப் பலகை போடச் சொல்லிருக்கேன். மெத்தை போடச் சொல்லிருக்கேன். ஒனக்கு ஒரு சாய்வு நாற்காலி கேட்டிருக்கேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லு.

மாரிக்கனி: ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்... நீங்க ராவும் பகலும் போன வச்சுக்கிட்டுப் படகு படகா பாக்குறீக. கண்ணு செவந்து கெடக்கு.

சங்கரபாண்டியன்: எனக்கு அலைச்சல் இல்ல.

மாரிக்கனி: எனக்கு இருக்கு. பாக்குற எனக்கு அலுப்பா இருக்கு.

சங்கரபாண்டியன்: ஒரு விசயம் கேக்கவா?

மாரிக்கனி: கேளுங்க.

சங்கரபாண்டியன்: மொதல்லயெல்லாம் பொழுது விடிஞ்சா ஒரே பாட்டுத்தான். எம்மகனப் பாக்கணும், எம்மகனப் பாக்கணும்னு. சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லுவ. ஆட்டப் பத்திக்கிட்டே சொல்லுவ. நானும் மாட்டேன், மாட்டேன்னு கத்துவேன்.

மாரிக்கனி: ஆமா. தெருவுக்கே கேக்கும்.

சங்கரபாண்டியன்: பெறகு திடீர்னு நிறுத்திட்ட. ரெண்டு வருசமாகுது. நீயா அவன் பேர எடுத்ததே இல்ல. நான் எடுத்தாலும் வேற பேச்சுக்குப் போயிருற.

மாரிக்கனி: எடுத்து என்ன ஆகப்போகுது...

சங்கரபாண்டியன்: அதான் எனக்குத் தாங்கல. நீ கேட்டுக்கிட்டே இருந்தா நான் மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கலாம். அதுல ஒரு தெம்பு இருந்துச்சு. நீ கேக்காம இருக்கையில... மனசு விட்டுப்போச்சோ, உள்ளுக்குள்ளயே வச்சு மருகுறாளோன்னு பயமா இருக்கு. அதான் இந்தப் படகு. வேறெதுக்கும் இல்ல.

மாரிக்கனி: இதுக்கா இம்புட்டு...

சுப்புராஜ்: மச்சான்! லைன்ல நிக்காரு! எந்தப் போட்டுன்னு கேக்காரு!

சங்கரபாண்டியன்: இரு மாப்ளே! ஒரு நிமிசம்!

மாரிக்கனி: வேண்டாம்னு சொல்லிருங்க.

சங்கரபாண்டியன்: நீயும் எறங்க வேண்டாம், நானும் எறங்கல. தண்ணியில நின்னு பாத்துட்டு வந்துருவோம். அதுல யாருக்கு என்ன கொறச்சல்?

மாரிக்கனி: நான் எறங்குனா என்ன ஆயிரும்னு பயப்படுறீக?

சங்கரபாண்டியன்: பயமா? எனக்கென்ன பயம்? சத்தியம்னா சத்தியம். சொன்ன வார்த்தைய என்னால மாத்த முடியாது. வேணும்னா என்னையத் திட்டு. வறட்டுக் கௌரவம் பிடிச்சவன்னு சொல்லு. பெத்த புள்ளையத் தள்ளி வச்ச பாவின்னு சொல்லு. ஊரு சொல்லுது, சொந்தம் சொல்லுது, நீயும் சொல்லு. கேட்டுக்கிறேன். பழி எம்மேலதான். அவன் மேல ஒண்ணும் இல்ல. அவன எதுவும் நெனச்சுறாத.

மாரிக்கனி: அவன நான் என்ன நெனச்சேன்?

சங்கரபாண்டியன்: நெனைக்கலதான்... நெனச்சுறாதன்னு சொல்றேன். அவன் நல்லவன். அவன் எடத்துல யாரு இருந்தாலும்... விடு.

சுப்புராஜ்: மச்சான்! அவரு வச்சுருவாரு போலருக்கு!

சங்கரபாண்டியன்: என்ன சொல்ல? சொல்லு... என்ன சொல்லட்டும்?

மாரிக்கனி: தூத்துக்குடியில கூட்டாளி மகன் கல்யாணம்னு சொல்லிட்டு, ரெண்டு வருசத்துக்கு முன்னால வெள்ள வேட்டியும் கருப்பட்டிப் பையுமா போனீகளே... மறுநா சாயந்தரம் நீங்க பஸ்ஸு எறங்குறதுக்கு முந்தியே அவன் எனக்குப் போன் பண்ணிட்டான். "அம்மா, அப்பா தோணியில வந்து படிக்கட்டு முன்னால நின்னாக. மாமாவுக்கு இன்னும் அந்த எலைய மடக்குன காயம் ஆறல, எறங்க வேண்டாம்ப்பான்னு நானே சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். ஒண்ணுஞ் சொல்லாமத் திரும்பிட்டாக"ன்னு அழுதான். நீங்க வந்து, கல்யாணத்துல வடை நல்லாருந்துச்சுன்னீக. நானும் என்ன கொழம்பு வச்சாகன்னு கேட்டேன். அன்னையிலருந்துதான் அவன் பேர எடுக்கல... நான் கேட்டு, நீங்க இன்னொருக்கப் போயி அப்படி நின்னுறக்கூடாதுன்னு. சரி, தம்பி காத்துக்கிட்டு நிக்கான். அந்தச் சின்னப் போட்டையே சொல்லச் சொல்லுங்க. இந்தத் தடவ ரெண்டு பேருமா நிப்போம்.